தாழிடாத கதவு

ஜனவரி 4

அலங்கார அரசிக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது. காது மட்டும் முழு ஓய்வு வாங்கிக்கொண்டுவிட்டது. நீ வாங்கிக் கொடுத்த கருவி மேசை இழுப்பறையில் பத்திரமாகத் தூங்குகிறது. அதை மாட்டினால் தெருவில் போகிற வண்டி எல்லாம் கேட்கிறது, எதிரில் இருப்பவர் பேசுவது மட்டும் கேட்கவில்லை. கைப்பேசியில் எழுதச் சொன்னாய். என் விரல் ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழுகிறது. ஆகவே பேனாதான். நீயும் பேனாவிலேயே பதில் போடு. உன் கோழிக் கிறுக்கலைப் பார்த்து நாளாயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் ஏப்ரலில் எனக்கு எழுபது முடிகிறது. முப்பத்தெட்டு வருடத்தில் அறுபத்து மூன்று வீடு கட்டியிருக்கிறேன். ஒன்றிலும் மழைத் தண்ணீர் உள்ளே வந்ததில்லை. இனி யார் பார்த்துக்கொள்வது? மேற்பார்வையாளர் நல்ல பிள்ளை, இருபது வருடமாக என்னோடு இருக்கிறான். ஆனால் அவன் நீ இல்லை.

புதுப் பெயர்ப்பலகை ஒன்று செய்து வைத்திருக்கிறேன். கம்பெனி பெயருக்குக் கீழே ‘மற்றும் மகள்’ என்று இருக்கிறது. நீ வந்தால் மாட்ட வேண்டியதுதான் பாக்கி.

கட்டடப் பொறியியல் படித்தவள் நீ. என்னோடு இரண்டு வருடம் வெயிலில் நின்று கம்பி கட்டுவதைச் சரிபார்த்தவள். அதை விட்டுவிட்டு மறுபடி படிக்கப் போய், இப்போது யார் வீட்டுத் திரைச்சீலைக்கோ நிறம் பார்த்துக்கொண்டிருக்கிறாய். போன வாரம் வங்கியில் ஒருவர் கேட்டார். “பொண்ணு என்ன பண்றாங்க?” என்று காகிதத்தில் எழுதிக் காட்டினார். “வீட்டு உள்ளலங்காரம்” என்றேன். “மேடை அலங்காரமும் பண்ணுவாங்களா?” என்று அடுத்த வரியில் எழுதினார். நான் என்ன பதில் சொல்ல?

யோசித்து எழுது.

இப்படிக்கு,
அப்பா

ஜனவரி 15

அன்புள்ள அப்பாவுக்கு,

கோழிக் கிறுக்கல் வந்து சேரும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் என் பழைய புகார். நான் செய்வது அலங்காரம் இல்லை. உள்ளமைப்பு. நாலு வருடமாகச் சொல்கிறேன், உங்களுக்குக் காது நன்றாகக் கேட்ட காலத்திலேயே சொல்லியிருக்கிறேன். வங்கிக்காரரிடமும் அப்படியே சொல்லுங்கள்.

என்ன வித்தியாசம் என்பீர்கள். போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் வீடு. மருமகள்தான் எங்களைக் கூப்பிட்டார். மாமனார் அறையில் அலமாரி மோசம், கைப்பிடி மாதம் ஒருமுறை கழன்று வருகிறது, வேறு அலமாரி போட வேண்டும் என்றார். நான் முதல் நாள் அளவு நாடாவை எடுப்பதே இல்லை. வீட்டில் இருப்பவர்களிடம் “நீங்க தினம் பண்றதைப் பண்ணுங்க, நான் சும்மா ஒரு ஓரமா உக்காந்திருக்கேன்” என்பேன். எங்கள் முதலாளியம்மாவுக்கு இது வெட்டி வேலை. அன்றும் உட்கார்ந்திருந்தேன். கட்டிலில் படுத்திருந்த ஓட்டுநர் எழுந்தார். எப்படி எழுந்தார் தெரியுமா? கையை நீட்டி அலமாரிக் கைப்பிடியைப் பிடித்து, மொத்த உடம்பையும் அதில் தொங்கவிட்டு எழுந்தார். முழங்காலில் வலு இல்லை. அதை யாரிடமும் சொல்லவும் இல்லை. கைப்பிடி மட்டும் மாதாமாதம் சொல்லிக்கொண்டிருந்தது.

புது அலமாரி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கட்டில் பக்கச் சுவரில் பிடித்து எழ ஒரு குழாய் பொருத்தினோம். கட்டிலை நாலு அங்குலம் உயர்த்தினோம். “நான் அலமாரிதான் மட்டம்னு நெனச்சிட்டிருந்தேன்மா” என்று மருமகள் அழுதுவிட்டார். ஓட்டுநர் அந்தக் குழாயைப் பிடித்து மூன்று தடவை எழுந்து உட்கார்ந்து காட்டினார்.

பலகையைப் பற்றி எழுதியிருந்த தாளைத் தனியாக மடித்துப் பைக்குள் வைத்திருக்கிறேன். ஆனால் வர மாட்டேன் அப்பா. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்பு மகள்

ஜனவரி 27

அலங்கார அரசிக்கு,

ஒரு குழாய் மாட்டுவதற்கு இரண்டு பட்டமா? நம் கொத்தனாரிடம் சொன்னால் சாப்பாட்டு இடைவேளையில் மாட்டிவிட்டுப் போவார்.

கிண்டல் இருக்கட்டும். ஓட்டுநர் விஷயம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு தடவை படித்தேன். ஆனால் நீ கேள்விக்குப் பதில் எழுதவில்லை. ‘வர மாட்டேன்’ என்பது பதில் இல்லை. ஏன் என்பதுதான் கேள்வி. அன்று வேலையை விடும்போதும் நீ காரணம் சொல்லவில்லை. “பிடிக்கலப்பா” என்றாய். இரண்டு வருடம் பிடித்த வேலை ஒரு திங்கட்கிழமை காலையில் எப்படிப் பிடிக்காமல் போகும்? அந்தக் கிழமைகூட ஞாபகம் இருக்கிறது, புது வீடு ஒன்றில் கதவு நிலைகள் வைத்துக்கொண்டிருந்தோம்.

மேற்பார்வையாளருக்கு மார்ச் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். வேறு இடத்திலிருந்து அவனைக் கூப்பிடுகிறார்கள். நீ வரவில்லை என்றால் கம்பெனியை அவனிடம் கொடுத்துவிடுவேன். கொடுத்தபின் திரும்ப வாங்க முடியாது. ஒரே ஒரு உருப்படியான காரணம் எழுது. ஒப்புக்கொள்ளும்படி இருந்தால் என் ஆயுசுக்கும் இதைப் பற்றி வாய் திறக்க மாட்டேன்.

வீடு இருந்தால் போதும், மனிதர்கள் அதில் பழகிக்கொள்வார்கள் என்பது என் கட்சி. நம் வீட்டையே பார். இருபத்தேழு வருடம் ஆகிறது, ஒரு ஆணியை இடம் மாற்றியதில்லை. உன் அம்மா குளியலறையில் விழுந்ததுகூட வீட்டின் குற்றம் இல்லை. உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள். நூறு தடவை சொல்லியிருப்பேன், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் தாழ் போடாதே என்று. போடாமல் இருந்திருந்தால் நீயே உள்ளே போய்த் தூக்கியிருப்பாய். முக்கால் மணி நேரம் ஈரத் தரையில் கிடந்திருக்க மாட்டாள். சரி, போனவளைக் குறை சொல்லி என்ன.

அப்பா

பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

காரணம் கேட்டீர்கள். சின்ன வயதில் தீப்பெட்டிகளை ஒட்டிக் கட்டில் நாற்காலி எல்லாம் செய்வேனே, ஞாபகம் இருக்கிறதா? அந்த ஆசைதான் உள்ளே இருந்து, வளர்ந்து, நிறங்களின் மேலும் வெளிச்சத்தின் மேலும் ஒரு ஈடுபாடாக மாறி, பிறகு கட்டடத்தின் வெளிப்புறத்தைவிட உட்புறம்தான் மனிதருக்கு நெருக்கமானது என்ற எண்ணமாகி, அப்படியே இந்த வேலையில் கொண்டுவந்து விட்டது. அவ்வளவுதான் அப்பா.

இந்த வாரம் ஒரு செல்வந்தர் வந்தார். கூரை முழுவதும் பொன் நிறம் வேண்டுமாம். படுத்துக்கொண்டு பார்க்கப் போகிறாராம். “கண்ணு கூசுமே சார்” என்றேன். “அப்ப கண்ணை மூடிக்கிறேன்” என்றார். முதலாளியம்மா என் காலை மிதித்ததால் மேற்கொண்டு பேசவில்லை. இதுவும் என் வேலையில்தான் சேர்த்தி, மறைக்கவில்லை. உங்களிடமும் நாலு மூலையிலும் தூண் வைத்த மாட்டுக் கொட்டகை மாதிரி வீடு கேட்டவர் ஒருவர் உண்டே.

கம்பெனியை மேற்பார்வையாள அண்ணனுக்கே கொடுங்கள். உங்களைவிட அவர்தான் அந்தக் கட்டடங்களை அதிகம் சுற்றி வந்திருக்கிறார்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்பு மகள்

பிப்ரவரி 20

மகளுக்கு,

பொய் சொல்லும்போது உனக்கு வாக்கியம் நீண்டுபோகும். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் குறைந்தாலே அரைப் பக்கத்துக்கு விளக்கம் சொல்வாய். தீப்பெட்டிக் கதையை வேறு யாரிடமாவது சொல். எனக்கு உண்மைக் காரணம் வேண்டும். அப்பனிடம் சொல்லக்கூடாதபடி அப்படி என்ன இருக்கிறது?

ஒரு சின்ன சமாசாரம். மேற்பார்வையாளர் எப்படியும் உன் காதில் போட்டுவிடுவான், நானே சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை குளியலறையில் வழுக்கிவிட்டது. சோப்புத் தண்ணீர். முழங்கையில் சிராய்ப்பு, வேறு ஒன்றும் இல்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு நானே எழுந்துவிட்டேன். நீ பயப்பட வேண்டியதே இல்லை. உன் அம்மாவுக்கு நடந்த நாளிலிருந்து நான் ஒருநாளும் அங்கே தாழ் போட்டதில்லை. கதவு சும்மா சாத்தித்தான் இருக்கும். எது நடந்தாலும் யாரும் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிடலாம். பக்கத்து வீட்டுத் தையல்காரரிடமும் சாவி ஒன்று கொடுத்து வைத்திருக்கிறேன்.

பதில் போடு. மார்ச் கடைசி, மறக்காதே.

அப்பா

பிப்ரவரி 23

அப்பா,

இந்த வாரமே புறப்பட்டு வந்து நேரில் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். முடியாது. உங்களுக்குக் கேட்கிற அளவுக்கு இதைக் கத்திச் சொல்ல என்னால் முடியாது. அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

அம்மா தாழ் போடவில்லை.

அன்று நான் பள்ளியிலிருந்து வந்தபோது மணி நாலே கால். குளியலறையிலிருந்து அம்மா கூப்பிட்டார். கதவைத் தள்ளினேன். நாலு விரல் அகலம் திறந்து நின்றுவிட்டது. ஏதோ பக்கெட் தடுக்கிறது என்று நினைத்து, தோளைக் கொடுத்துத் தள்ளினேன். இன்னொரு தடவையும் தள்ளினேன். அப்போதுதான் அம்மா, “தள்ளாத கண்ணு, இடுப்புல படுது” என்றார். கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. அம்மா அதன் பின்னால்தான் விழுந்து கிடந்தார். நான் எவ்வளவு தள்ளுகிறேனோ அவ்வளவும் அம்மா மேல்தான்.

கதவைக் கழற்றலாம் என்று ஓடிப்போய் உங்கள் திருப்புளியை எடுத்து வந்தேன். கீல் எல்லாம் உள்பக்கம் இருந்தது. வெளிப்பக்கம் திறக்கிற கதவாக இருந்தால் கீல் வெளியே இருந்திருக்கும். பதினைந்து வயதில் எனக்குப் பிடிபட்ட முதல் கட்டடப் பாடம் அது. கடைசியில் தையல்காரர் மாமாதான் மேலே காற்றுச் சன்னலில் இருந்த கண்ணாடிப் பட்டைகளை எடுத்துவிட்டு, அந்தச் சின்னச் சந்து வழியாக உள்ளே இறங்கி, அம்மாவை நகர்த்தினார்.

வண்டி வருவதற்குள் அம்மா எங்கள் இரண்டு பேரிடமும் சொன்னார். “தாழ் போட்டிருந்தேன்னு சொல்லிடுங்க. அவருக்கு இந்த வீடுன்னா உசுரு. கதவாலதான்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார்.” என் தலையில் கை வைத்து வாக்கு வாங்கிக்கொண்டார். பதினாலு வருடம் காப்பாற்றினேன். இன்று மீறுகிறேன். ஏனென்றால் தாழ் போடாததால் பயமில்லை என்று நீங்கள் நிம்மதியாகக் குளித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் நீங்கள் விழுந்தால் யாரும் தள்ளிக்கொண்டு உள்ளே வர முடியாது அப்பா. நீங்கள் கத்துவது அவர்களுக்குக் கேட்கும், அவர்கள் சொல்வது உங்களுக்குக் கேட்காது. இந்தக் கடிதம் கிடைத்ததும் அந்தக் கதவைக் கழற்றி வைத்துவிடுங்கள். வீட்டில் நீங்கள் ஒருவர்தானே, வெட்கப்பட ஆள் இல்லை.

காரணம் கேட்டீர்கள். இதுதான் காரணம். அந்தத் திங்கட்கிழமை புது வீட்டில் குளியலறை நிலையை நீங்கள் வைக்கச் சொன்னீர்கள், உள்பக்கம் திறக்கிற மாதிரி. “ஏம்ப்பா, வெளிப்பக்கம் வைக்கக் கூடாதா?” என்று கேட்டேன். “நம்ம வீட்ல எப்படியோ அப்படித்தான்” என்றீர்கள். அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. பேசியிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். சுவர் எங்கே நிற்க வேண்டும் என்று பார்க்க நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தச் சுவருக்குள் ஒரு மனிதர் விழுந்தால் என்ன ஆகும் என்று பார்க்க யாராவது வேண்டும். அதை வேலையாகவே வைத்துக்கொள்ள முடியும் என்று தெரிந்தபோது எனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவின் இடுப்பு விழுந்ததில் உடைந்ததா, நான் தள்ளியதில் உடைந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

உங்கள் மகள்

மார்ச் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. மேற்பார்வையாள அண்ணனிடம் பேசினேன். “ஐயா நல்லாத்தான் இருக்கார்மா, ஆனா தளத்துப் பக்கமே வர்றதில்ல. வீட்ல என்னமோ பண்ணிக்கிட்டிருக்கார், கேட்டா முறைக்கிறார்” என்றார்.

நான் எழுதியிருக்கக் கூடாதோ என்று தினமும் தோன்றுகிறது. அம்மா பயந்தது மாதிரியே ஆகிவிட்டதோ? கோபம் என்றால் கோபமாகவே எழுதுங்கள். ‘அலங்கார அரசி’ என்றே திட்டுங்கள், திருத்த மாட்டேன். வரட்டுமா? நீங்கள் சொல்லாமல் வர எனக்குத் தைரியம் இல்லை.

கதவைக் கழற்றினீர்களா என்று மட்டுமாவது சொல்லுங்கள்.

உங்கள் மகள்

ஏப்ரல் 11

என் மகளுக்கு,

எழுத ஆரம்பித்துக் கிழித்தது ஆறேழு இருக்கும். இதை அனுப்பிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று நேரே தையல்காரர் கடைக்குப் போனேன். உன் கடிதத்தில் மற்றதைக் கையால் மறைத்துக்கொண்டு, ‘அம்மா தாழ் போடவில்லை’ என்ற ஒரு வரியை மட்டும் காட்டினேன். மனிதர் தையல் இயந்திரத்தை நிறுத்தினார். பிறகு அளவு எழுதுகிற நோட்டில் ‘தாழ் இல்லை’ என்று எழுதி என் பக்கம் திருப்பினார். அதன் கீழே, ‘அம்மா சொல்ல வேண்டாம்னாங்க’ என்று எழுதினார். இந்தப் பதினாலு வருடத்தில் அவர் தைத்துக் கொடுத்த சட்டை எத்தனை போட்டிருப்பேன். ஒருநாள்கூட முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

கோபம் உன் மேல் இல்லை. முதல் பத்து நாள் உன் அம்மா மேல் இருந்தது. பிறகு அது யார் மேல் இருக்க வேண்டுமோ அங்கே வந்து சேர்ந்தது. விழுந்த பிறகு அவள் ஆறு வருடம் இருந்தாள். நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு அவள் குளியலறைக்குப் போகும்போதெல்லாம் நான் இங்கிருந்தே குரல் கொடுப்பேன், “தாழ் போடாத” என்று. “சரிங்க, இனிமே போடல” என்பாள். ஆறு வருடம், தினமும். நினைத்துப் பார். ஒரு தடவையாவது அவளுக்கு எரிச்சல் வந்திருக்காதா? நான் கட்டின கதவுக்காக நான் திட்ட, அவள் ‘சரிங்க’ என்றாள். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அறுபத்து மூன்று வீடு கட்டினவனுக்கு இதை வைக்க ஓர் இடம் இல்லை.

நடைபாதையில் ஈரம் சொட்டக் கூடாது என்பதற்காகத்தான் எல்லாக் குளியலறைக் கதவையும் உள்பக்கம் வைத்தேன். ஈரத்தைப் பற்றி யோசித்தேன், ஆளைப் பற்றி யோசிக்கவில்லை.

இப்போது அம்மாவின் இடுப்பைப் பற்றி நீ எழுதிய கேள்வி. அதற்காகத்தான் கதவை உடனே கழற்றவில்லை. மன்னித்துக்கொள். குளித்தது பூராவும் பின்பக்கக் குழாயடியில்தான்.

போன மாதக் கடைசியில் மேற்பார்வையாளரை வரச் சொன்னேன். கம்பெனிப் பேச்சு என்று நினைத்து நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தான். குளியலறைக்குக் கூட்டிப் போனேன். தையல்காரரை வைத்து, அவள் எப்படிக் கிடந்தாள், தலை எந்தப் பக்கம், இடுப்பு எங்கே என்று கேட்டுக்கொண்டேன். அதே இடத்தில் நான் படுத்தேன். “வெளிய போய்க் கதவைத் தள்ளு” என்றேன். “ஐயா, உங்களுக்கு என்ன ஆச்சு?” என்று அவன் கேட்டது உதட்டிலேயே தெரிந்தது. “தள்ளுடா” என்று கத்தினேன். முதலில் பயந்து பயந்து தள்ளினான். பிறகு தோளைக் கொடுக்கச் சொன்னேன். உனக்குத் தெரியும், அவன் சிமெண்ட் மூட்டையை ஒற்றைக் கையால் நகர்த்துகிறவன். மூன்று தடவை முழு பலத்தோடு தள்ளினான்.

வலித்தது. இரண்டு நாள் நீலம் பூத்திருந்தது. மருத்துவமனைக்குப் போய்ப் படம் எடுத்துப் பார்த்துவிட்டேன். எழுபது வயது எலும்பு, ஒரு கீறல் இல்லை. நாலு விரல் சந்துக்குள் கதவுக்கு வேகமே கிடைப்பதில்லை. தள்ளுவது அழுத்தும், அடிக்காது. நான் மனசு ஆறுதலுக்குச் சொல்கிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும். பார்த்துத்தான் சொல்கிறேன். அது விழுந்ததில் உடைந்தது. உன்னால் இல்லை. பதினைந்து வயதில் இதை என்னிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே படுத்துப் பார்த்துச் சொல்லியிருப்பேன். கேட்க முடியாத அப்பனாக நான் இருந்திருக்கிறேன்.

மறுநாள் நிலையையே பெயர்த்துத் திருப்பி வைத்தோம். கதவு இப்போது வெளிப்பக்கம் திறக்கிறது, கீல் வெளியே இருக்கிறது. நடைபாதையில் கொஞ்சம் ஈரம் சொட்டத்தான் செய்கிறது. ஒரு துணி போட்டு வைத்திருக்கிறேன்.

கம்பெனியை மேற்பார்வையாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், ஒரு நிபந்தனையோடு. குளியலறைக் கதவைத் திருப்பி வைக்க, நான் கட்டின வீடுகள் எல்லாவற்றுக்கும் தச்சரைக் கூட்டிக்கொண்டு போகிறேன், ஆள் செலவு கம்பெனியுடையது. இதுவரை ஐந்து வீடு முடிந்தது. ஒரு வீட்டில், “முப்பது வருஷமா நல்லாத்தானே இருக்கு, இப்ப என்ன?” என்று அந்த அம்மாள் வாசலிலேயே மறித்தார், கூட வந்த மேற்பார்வையாளர் எழுதிக் காட்டினான். எனக்கு உன் மாதிரி விளக்கத் தெரியவில்லை. மேற்பார்வையாளரைக் கதவுக்குப் பின்னால் படுக்க வைத்து, அந்த அம்மாளைத் தள்ளச் சொன்னேன். இரண்டாவது தள்ளலில் கையை எடுத்துக்கொண்டு, “மாத்திடுங்க” என்றார். ஆனால் கதவோடு முடியவில்லை. ஒருவர் வீட்டில் படி உயரம், இன்னொருவர் வீட்டில் விளக்கு சுவிட்ச். பார்க்கப் பார்க்கக் கண்ணில் படுகிறது. என் கைக்கு அடங்கவில்லை. இன்னும் ஐம்பத்தெட்டு வீடு இருக்கிறது. ஓரமாக உட்கார்ந்து பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். விடுமுறை கிடைக்கிறபோது வருவாயா? கம்பெனிக்கு இல்லை. எனக்கு.

‘மற்றும் மகள்’ பலகையை எறியவில்லை. பின்பக்கம் சுத்தமாக இருக்கிறது. அதில் உன் வேலையை எழுதி உனக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். உள்ளமைப்பு என்றுதானே எழுத வேண்டும்? வங்கிக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டும் வந்தேன். அவர் கேட்கவே இல்லை, நானாகத்தான் சொன்னேன்.

வா. வந்ததும் குளியலறைக் கதவைப் பழக்கத்தில் தள்ளிவிடாதே, இழுத்துத் திற. நீ தள்ளினது போதும்.

அப்பா